சூனியக்காரியின் இரண்டு பக்கங்கள்

பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி விளையாடும் விளையாட்டு அது. அண்ணன் சொந்தமாக உருவாக்கியது. அதன் விதிகளைப் புத்தகமாக்க எந்த மென்பொருள் நல்லது என்று தங்கையைக் கேட்டிருந்தான். அச்சகத்தில் பக்கம் அமைப்பது அவள் வேலை.

"இதை எடுத்துக்கோண்ணா. ஒவ்வொரு எழுத்துப் பெட்டியையும் அடுத்த பெட்டியோட கோத்துவிட்டா, எழுத்து தண்ணி மாதிரி ஓடும். பாரேன், சூனியக்காரி பாத்திரத்துக்குன்னு நீ விட்ட பக்கம் ரெண்டும் காலியா கிடக்கு. அதை எடுத்துட்டா, பின்னால இருக்கிறதெல்லாம் தானா முன்னால வந்துடும். பக்க எண்ணைக்கூட அதுவே மாத்திக்கும். அங்க ஒருத்தி இருந்தான்னே தெரியாது."

"அப்ப இது வேண்டாம்."

"ஏன்?"

"எதை மாத்தினாலும் அந்த ரெண்டு பக்கம் அப்படியே இருக்கணும்."

"அவ்வளவுதானே? இதுலயே பூட்டு இருக்கு. ஒரு தடவை அழுத்தினா போதும், சுத்தி என்ன மாறினாலும் அசையாது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "காலிப் பக்கத்துக்குப் பூட்டுப் போடுற முதல் ஆள் நீதான். யார் வந்து எழுதப் போறாங்களாம்?"

"உன் அண்ணி. அவ பாத்திரம் அது."

தங்கையின் கை மௌஸின் மேல் அப்படியே நின்றது.

"அண்ணிதான் விவாகரத்துக் கேட்டுட்டாங்களேண்ணா."

"அதுக்குக் காலையிலயே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்." அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "இதுலேருந்தும் எடுக்கச் சொல்லி அவ கேக்கலியே."

தங்கை பூட்டை அழுத்தினாள்.