டொமிங்கோவுக்கு விளங்கவில்லை

“மன்னிக்கணும், எனக்கு விளங்கவில்லை. இன்னொரு தரம் நிதானமாகச் சொல்லுங்களேன்.”

டொமிங்கோ இங்கிலீஷில் இப்படிக் கேட்டதும் சஜ்னாவுக்குச் சிரிப்பு முட்டியது. கம்ப்யூட்டர் திரையில் தெரிந்த மற்ற முகங்களிலும் அதே நமட்டுச் சிரிப்பு.

பல நாட்டுப் பங்குச் சந்தைகள் சேர்ந்து நடத்தும் சங்கம் அது. ஆன்லைன் கூட்டத்தில் அவர்கள் பேசப் பேச, எல்லோரும் பார்க்கிற மாதிரி திரையில் குறிப்பு எழுதுவது சஜ்னாவின் வேலை. கோட்டாறு வீட்டில் உட்கார்ந்தபடியே செய்யலாம். ஆனால் ஒரு வரி விட்டுப்போனாலும் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களோ என்று சேர்ந்த நாள் முதல் அவளுக்கு உள்ளூர உதறல்தான்.

உம்மா ஜொஹரா பேகம் கட்டஞ்சாயாவை வைத்துவிட்டுத் திரையில் டொமிங்கோவின் வழுக்கைத் தலையை எட்டிப் பார்த்தாள்.

“அந்தக் கஷண்டித் தலையரு இன்னைக்கும் கேள்வி கேக்காராக்கும்?”

மைக் அணைந்திருந்த தைரியத்தில் சஜ்னா பொரிந்தாள்.

“ஆமா உம்மா. ஏதோ ஒரு தீவுச் சந்தையில இருந்து வாறாரு. இந்தக் கமிட்டிக்கே அவருதான் தலைவரு. ஆனா ஒரு மண்ணும் விளங்காது!”

“வயசாயிட்டுல்லா மக்கா, பாவம்.”

“வயசானா வீட்ல இருக்கணும்.”

அன்றைக்குப் பேச்சு, முன்பேர வர்த்தகத்துக்கான புது விதிகளைப் பற்றி. ஆளுக்கொரு உச்சரிப்பில் மளமளவென்று பேசித் தள்ளினார்கள். தெருவில் பஸ் ஹாரன் வேறு. சஜ்னாவின் எழுத்து அங்கங்கே திணறி நின்றது. நடுநடுவே டொமிங்கோ, “விளங்கவில்லை, இன்னொரு தரம்” என்று முட்டுக்கட்டை போட்டுக்கொண்டே இருந்தார்.

ஒரு பெரிய சந்தையின் பிரதிநிதிக்குப் பொறுமை போய்விட்டது.

“கோபித்துக்கொள்ளாதீர்கள் டொமிங்கோ. பேசுவது விளங்குகிற ஒருவர் தலைவராக இருந்தால் எல்லோருக்கும் நல்லது.”

யாரும் மறுக்கவில்லை. ஒவ்வொரு கையாக உயர்ந்தது.

டொமிங்கோ உயர்ந்த கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, “சரி” என்றார்.

அந்தத் தீர்மானத்தை மட்டும் சஜ்னா ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதி முடித்தாள். இனி கூட்டம் இழுக்காது என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

எல்லோரும் வெளியேறிவிட்டார்கள். டொமிங்கோ மட்டும் போகவில்லை.

“ஒரு நிமிஷம், சஜ்னா.”

அவள் மைக்கைப் போட்டு, மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லி வைத்தாள். “எனக்கு வருத்தமாக இருக்கிறது சார்.”

“எனக்கு வருத்தமில்லை அம்மா. உங்களை நினைத்துத்தான் கவலை. அடுத்த கூட்டத்துக்கு நான் வரமாட்டேன். இத்தனை நாளும் திரையில் உங்கள் எழுத்து திணறி நிற்கும்போதெல்லாம் நான் கேட்டேன். இனி பயப்படாமல் நீங்களே கேளுங்கள். விளங்கவில்லை என்று சொன்னால் யாரும் செத்துப்போக மாட்டார்கள்.”