முதல் கார்டு

"சார், ரெண்டு வருசம் முடிஞ்சு போச்சு. எம்மவ மொகத்தை இன்னும் போட்டோவுலதான் பாக்குறேன். ஒரு மாச லீவு போட்டுக் குடுங்க சார்."

கல்யாணசுந்தரம் நிமிர்ந்தே பார்க்கவில்லை. 1974-இல் சவூதியின் தம்மாமில் அந்தக் கம்பெனிக்கு வந்து இறங்கிய முதல் கம்ப்யூட்டருக்கு அவர்தான் பூசாரி. சாமி இருந்த அறைக்கு இரண்டு ஏ.சி. கும்பிட வந்த நாகலிங்கம் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்பில் ஃபேனுக்கே வழியில்லை.

"என்கிட்ட அழுது என்னப்பா பிரயோஜனம்? லீவு லிஸ்ட்டை இனிமே இதுதான் போடும். பழைய மெஷின்னா வேலைக்கு வேலை வயரைப் பிடுங்கி மாத்திச் சொருகணும். இது அப்படியில்ல, கணக்கு, கட்டளை ரெண்டையும் தன் வயித்துக்குள்ளயே வெச்சுக்கும். எத்தனை வருஷத்துக்கு ஒரு லீவுன்னு முதல் கார்டுலயே மூணுன்னு கொடுத்துட்டேன். இனி நானே கெஞ்சினாலும் மசியாது."

"அது தப்பாப் போட்டுட்டா சார்?"

கல்யாணசுந்தரத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கம்ப்யூட்டர் தப்பே பண்ணாது. மேனேஜருக்கு அப்படித்தான் எழுதியே கொடுத்திருக்கேன். போ, டியூட்டியைப் பாரு."

மறுநாள் மத்தியானம் லிஸ்ட் ஒட்டினார்கள். இரண்டு வருடம் முடித்த அத்தனை பேருக்கும் லீவு. மூன்றாவது பெயர் நாகலிங்கம். கேம்ப்பே ஆடித் தீர்த்தது.

கல்யாணசுந்தரம் வேர்க்க விறுவிறுக்க மேனேஜரிடம் ஓடினார். "லிஸ்ட் தப்பு சார்! உடனே நிறுத்துங்க!"

லெபனான்காரரான மேனேஜர் நிதானமாக ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். "கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதுன்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானே? முதலாளி பார்த்து ஒப்புதலும் கொடுத்தாச்சு. கலாஸ், முடிஞ்சது."

வந்த ஆத்திரமெல்லாம் கௌஸ் முகம்மது மேல் பாய்ந்தது. கல்யாணசுந்தரம் தாளில் எழுதித் தருவதை ஒரு வரிக்கு ஒரு கார்டாகத் துளையிட்டுத் தரும் ஹைதராபாத்காரர் அவர்.

"மூணுன்னுதானே எழுதினேன்? கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

"மூணும் அடிச்சேன் சாப். அதுக்கு மேல நீங்க எழுதியிருந்த ரெண்டையும் அடிச்சேன். முதல் கார்டு அதுதானே?"

கல்யாணசுந்தரம் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். 3 பளிச்சென்று இருந்தது. அதற்கு மேலே, சிலேட்டுக் காலத்திலிருந்து எதை எழுதினாலும் அவர் கை தானாகப் போட்டுவிடுகிற பிள்ளையார் சுழி.