லிதியாவின் பேச்சு

இசையமைப்பாளர் சங்கக் கூட்டத்தின் தலைவர் அடுத்த பெயரை வாசித்ததும் அர்சேனி இக்னாத்யெவிச் மேடையை நிமிர்ந்து பார்த்தார்.

அவர் மனைவி லிதியாவின் பெயர்.

லெனின்கிராடில் பிப்ரவரி மதியம். மண்டபத்தில் கணப்பு சரியாக எரியவில்லை. எல்லோரும் மேலங்கியோடுதான் உட்கார்ந்திருந்தார்கள். காலையிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் மேடையேறி அவருடைய புதிய சிம்பொனியைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். மக்களுக்கு விளங்காத இசை. எதிரிக்காக எழுதிய இசை.

நேற்றுவரை அதே இசைக்கு எழுந்து நின்று கைதட்டியவர்கள்.

அவருக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாக இருந்தன. பின்வரிசையில் இருந்த செல்லோ வாத்தியம் வாசிக்கும் கபித்தோன் மட்டும் பழைய சிநேகத்தில் முன்னால் குனிந்தான்.

"எழுந்து வெளிய போயிடுய்யா. கட்டினவ வாயால வேற கேக்கணும்னு உனக்கென்ன தலையெழுத்து?"

அவர் அசையவில்லை.

போன இலையுதிர்காலத்தில் இதே மண்டபத்தில் இன்னொரு இசையமைப்பாளரின் மனைவியை இப்படித்தான் கூப்பிட்டார்கள். அவள் மேடையில் வாயே திறக்கவில்லை. அந்த வாரமே ரகசியப் போலீஸார் இரண்டு பேரையும் கொண்டுபோய்விட்டார்கள். அவர்களுடைய பையன் எந்த அநாதை விடுதியில் இருக்கிறான் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

அர்சேனியின் மகள் தாஸ்யாவுக்கு இப்போதுதான் முன்பற்கள் விழுந்திருந்தன.

லிதியா மேடையேறினாள். கையில் காகிதம் எதுவும் இல்லை.

"தோழர்களே, இவரு இசையில மனுஷங்களே கிடையாது. கச்சேரியில நீங்க ஒருநாள் கேட்டீங்க. நான் வீட்டுல தினம் கேட்டேன். வெறும் சத்தம். வெறும் திமிரு."

யாரோ சிரித்தார்கள். அவள் குரல் உயர்ந்தது. பிறகு சட்டென்று நின்றது.

மண்டபம் காத்திருந்தது. தலைவர் பென்சிலை எடுத்தார்.

 அர்சேனியின் விரல் முழங்காலில் தானாகத் தட்டத் தொடங்கியது. மறுகையால் அதை அழுத்திப் பிடித்தார்.

லிதியா மேசையிலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தாள். தம்ளர் பல்லில் இடித்தது.

"இவரு பேரு என் பேரோட ஒட்டிக்கிட்டிருக்கிறதே எனக்கு அவமானம். விவாகரத்துக்கு எழுதிக் குடுத்துட்டேன். என் மக இனிமே எங்கப்பா பேர்லதான் வளருவா."

கைதட்டல் வெகுநேரம் ஓயவில்லை. தலைவரே எழுந்து தட்டினார். அவள் இறங்கி, அர்சேனியின் வரிசையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

பாம்பு, என்று பின்னால் கபித்தோன் முணுமுணுத்தான்.

அர்சேனி இக்னாத்யெவிச் அப்போதுதான் மூச்சு விட்டார். இனி வருகிறவர்கள் அவரை மட்டும் தேடித்தான் வருவார்கள்.

அந்தப் பேச்சு முழுவதும் அவர் எழுதியது. பக்கத்து அறைக்குக் கேட்காதபடி வானொலியை அலறவிட்டு, அவள் அழ அழ, ஒவ்வொரு சொல்லாக மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். எங்கே குரலை உயர்த்த வேண்டும், இறங்கும்போது எந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்பதுவரை சொல்லிக்கொடுத்திருந்தார்.

அவள் எதையும் விடவில்லை. 'இந்த மனிதரை நான் ஒருநாளும் நேசித்ததில்லை' என்ற ஒரு வரியைத் தவிர.

அந்த இடத்தில்தான் அவள் தண்ணீர் குடித்தாள்.