கறுத்துருச்சா?

ஆட்டோகிளேவின் கதவைத் திறக்கிறேன். வெந்த துணியின் மணத்தோடு ஆவி முகத்தில் அடிக்கிறது. காலை வெயில் சாய்ந்து விழும் மேசையில், ஆபரேஷன் கருவிகளைச் சுற்றிக் கட்டிய பச்சைத் துணிப் பொட்டலத்தை வைக்கிறேன். மேலே ஒட்டிய டேப்பில் வெளிறிக் கிடந்த கோடுகள் இப்போது கன்னங்கரேலென்று இருக்கின்றன. கிருமி சாகும் அளவுக்குச் சூடு ஏறியிருக்கிறது.

"சொர்ணம், கறுத்துருச்சா?" தியேட்டர் வாசலிலிருந்து அதே குரல். ஆவூர் அருள்மேரி சிஸ்டர் இருபது வருஷம் இந்தத் தியேட்டரை ஆண்டவர். தினமும் இப்படித்தான் கேட்பார். கறுத்துருச்சு என்றால் நம்பமாட்டார். "இங்கிட்டுக் கொண்டா" என்று வரவழைத்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கோடு கோடாகப் பார்ப்பார். ஓய்வு பெற்று நாலு வருஷமாகிறது. இன்று பித்தப்பை ஆபரேஷனுக்காக ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கிறார். வளையலும் கண்ணாடியும் மகள் கையில் இருக்கின்றன.

"கறுத்துருச்சு சிஸ்டர்." பழக்கதோஷத்தில் பொட்டலத்தை அவர் பக்கமாக நீட்டுகிறேன். கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். "ஒண்ணும் தெரியலடி," என்கிறார் மெதுவாக. "நீ பாத்துட்டீல்ல? அது போதும்."

ஸ்ட்ரெச்சர் உள்ளே நகர்கிறது. நான் என் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கோடு கோடாகப் பார்க்கிறேன்.