பின்பலகை

ரெசின் பசையில் இறுகவைக்கிற மருந்தைக் கலந்த பிறகுதான் என் புருஷன் என்னைக் கூப்பிட்டார்.

"சொர்ணம், ஓடியா. உள்ள ஏறி பலகைய அமுக்கிப் புடி. இறுகிடப் போவுது."

நான் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தேன். காதில் விழாதது போல இன்னொரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன்.

நாலு மாதமாக அந்தப் படகு எங்கள் வாசலில் கிடக்கிறது. மரமில்லை, ஃபைபர். மாமல்லபுரத்து ஹோட்டல் ஒன்றில் வெள்ளைக்காரர்களைக் கடலில் சுற்றிக் காட்டிய படகு. எஞ்சின் மாட்டுகிற பின்பலகை உள்ளுக்குள்ளேயே ஊறி உளுத்துப்போனதும் கழித்துவிட்டார்கள். இவர் போய் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

அதன் பக்கவாட்டில் இங்கிலீஷ் எழுத்தில் 'ஜூலி' என்று எழுதியிருந்தது. போதாதா? பக்கத்து வீட்டு ஆதியம்மாள் தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் கேட்பாள், "இன்னாடி, உன் சக்காளத்தி நாஸ்தா துன்னாச்சா?"

சிரித்துவைப்பேன். வயிறு எரியும்.

எரியாமல் என்ன செய்யும்? ஒன்பது வருஷக் குடித்தனத்தில் என் தலைவலிக்கு ஒரு மாத்திரை வாங்க மாமல்லபுரம்கூடப் போகாதவர், அவளுக்குப் ப்ளைவுட் வாங்கச் செங்கல்பட்டு வரைக்கும் போனார். பஸ் கூரையில் கட்டி, இறங்கும் வரை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாராம். வாங்கிய பலகையை வெயிலில் காயவைத்தார். ஒருநாள் தூறல் போட்டபோது என் கல்யாணச் சேலையை எடுத்து அதன்மேல் போர்த்தினார்.

உளுத்த மரத்தை உளியால் சுரண்டி எடுக்கும்போது அவரைப் பார்க்க வேண்டும். குழந்தைக்குக் காது குடைகிற பக்குவம். ரெசின் வாசனை சோற்றில் அடித்தது, பாயில் அடித்தது, அவர் தலைமுடியில் அடித்தது.

இரண்டு மாதமாக என் முகத்தை அவர் நேராகப் பார்க்கவில்லை. எதிரே வந்தால் சட்டென்று உப்புத்தாளை எடுத்துக்கொண்டு படகுக்குள் ஏறிவிடுவார்.

எனக்குப் பொறாமைதான். யாரிடம் போய்ச் சொல்வது? படகைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவளைக் குப்பமே கைகொட்டிச் சிரிக்கும்.

"ஏய், காதுல வுழல?"

நிமிர்ந்து பார்த்தேன். ரெசின் பூசிய பலகையைப் படகின் பின்பக்கத்து ஓட்டோடு சேர்த்துவைத்து, தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். கவ்விப் பிடிக்கும் இரும்புச் சாமான் எங்களிடம் கிடையாது. கட்டுமரம் கட்டுகிற மாதிரி கயிற்றைக் கோத்து, குச்சி கொடுத்து முறுக்க வேண்டும். உள்ளேயிருந்து ஒருவர் அமுக்கினால்தான் வெளியே இன்னொருவர் முறுக்க முடியும். சித்திரை வெயிலில் கலந்த ரெசின் கால் மணி நேரம் தாங்காது. இறுகிவிட்டால் நாலு மாத உழைப்பும் வீண்.

குப்பத்து ஆண்கள் பாதிப் பேர் கடலில், மீதிப் பேர் கல்பாக்கத்துக் கட்டட வேலையில். ஆதியம்மாள் மீன் விற்கப் போயிருந்தாள். என்னை விட்டால் ஆள் இல்லை.

அது தெரிந்துதான் அந்த வார்த்தை என் வாயில் வந்தது.

"நான் தொடக் கூடாதுய்யா. இப்பதான் தூரமானேன்."

பச்சைப் பொய். எங்கள் பக்கத்தில் வீட்டுக்குத் தூரமான பெண் கட்டுமரத்தைத் தொட மாட்டாள், வலையைத் தாண்ட மாட்டாள். ஃபைபருக்கும் அந்தக் கட்டுப்பாடு உண்டா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆனால் எந்த ஆம்பளையும் இதில் மறுபேச்சு பேச மாட்டான். ஜூலி நாசமாய்ப் போகட்டும் என்று சொம்பைக் கவிழ்த்துவிட்டு வேடிக்கை பார்த்தேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

தோளை எடுத்துவிட்டார். பலகை மெல்ல ஒரு பக்கம் சரிந்தது. அவர் பிடிக்கவில்லை. ரெசின் வழிகிற கையோடு படகின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"ரெண்டு மாசம் தள்ளிச்சே," என்றார். "கேட்டா கலைஞ்சிடும்னுதான் வாயத் தொறக்காம இருந்தேன்."

கவிழ்த்த சொம்பை நிமிர்த்திவைத்தேன்.

அவரும் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. முன்னே இரண்டு தடவையும், நான் வாய்விட்டுச் சொன்ன வாரமே கலைந்துபோனது. அதனால் இந்தத் தடவை சொல்லவில்லை. பயத்தால் என்றால் அது பாதி நிஜம்தான். படகைத் தடவுகிற கை முதலில் என்னைத் தடவட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று வீம்புக்கு அடக்கிவைத்திருந்தேன்.

சொன்னது பொய் என்று இப்போது வாயைத் திறந்தால், அந்த விஷயத்தையே சொன்னதாகிவிடும். எனக்கும் பயமாக இருந்தது.

எழுந்துபோனேன். முட்டுக்கட்டையில் கால் வைத்துப் படகுக்குள் ஏறி, சரிந்த பலகையை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தேன்.

அவர் என் கைகளைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். மறுபடி என் கைகளைப் பார்த்தார். புரிய ஒரு நொடி ஆனது.

"பலகைய வுடு," என்றார். "பாரம் அமுக்காத. மெள்ள எறங்கு."

"இறுகிடும்யா."

"இறுகட்டும்."

இடுப்பைப் பிடித்து என்னைத் தரையில் இறக்கிவிட்டார். ரெசின் அப்பிய விரல்கள் என் சேலையில் ஒட்டிக்கொண்டன. பின்னால் பலகை ஒரு விரற்கடை சாய்ந்தபடியே இறுகியது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.