மருந்தடிக்காத கொடி

“மறுபடியும் ஒரு கொத்தக் காணோம்.”

தோட்டத்திலிருந்து உள்ளே வரும்போதே இன்னாசியம்மாளின் பார்வை நேராக மருமகள் மேல்தான் விழுந்தது.

அனிதா மேரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. நிமிர்ந்தாலும் திருடி, நிமிராவிட்டாலும் திருடி.

காமயகவுண்டன்பட்டியில் வீட்டை ஒட்டியே அவர்களுக்குத் திராட்சைத் தோட்டம். பந்தல் முழுக்க மருந்தடித்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். வீட்டார் தின்பதற்கென்று மோட்டார் ரூம் ஓரமாக ஒரே ஒரு கொடி. அதற்கு மட்டும் மருந்தே கிடையாது. விக்கிறதுக்கு ஒண்ணு, திங்கிறதுக்கு ஒண்ணு. அந்த வீட்டில் நியாயமெல்லாம் கேட்கக் கூடாது. மருந்தில்லாத கொடி காய்ப்பதும் கொஞ்சம்தான். பெற்ற மகனின் பிறந்தநாளை மறந்தாலும், எந்தக் கொத்து எந்தக் கம்பியில் தொங்கியது என்பதை இன்னாசியம்மாள் மறக்க மாட்டாள்.

“நேத்துக்கூடத் தூணுக்குப் பக்கத்துல தொங்குச்சு. இன்னைக்குக் காம்புதான் இருக்கு. கத்தரி வச்சு வெட்டுன காம்பு. காக்கா குருவி கத்தரியா வச்சிருக்கு?”

“நான் எடுக்கல அத்தை.”

“நீ எடுத்தேன்னு நான் சொன்னேனா? ஓடைப்பட்டிக்கு பஸ் ஏறும்போதெல்லாம் உன் பை கனமா இருக்கேன்னுதான் சொல்றேன்.”

“ஓடைப்பட்டியில இல்லாத திராட்சையா? எங்கம்மா வீட்டச் சுத்தித் தோட்டந்தான்.”

“அது பூராம் மருந்தடிச்சதுல்ல.”

அனிதா மேரி அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

மாமனார் இஞ்ஞாசிமுத்து பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். “ஒண்ணு போனாப் பரவாயில்ல தாயி. இப்படித் தொடர்ந்து போனாச் சந்தேகம் வரத்தான செய்யும்?”

கட்டின புருசனாவது பேசுவானா என்று பார்த்தாள். ஆரோக்கிய பிரபு செல்போனை நோண்டிக்கொண்டே, “எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லிரு. உங்கம்மாவுக்குத்தான, தப்பில்ல” என்றான். பெருந்தன்மையாம்.

“எதிர்வீட்டுக்காரக யாரும்…”

“அந்தப் பேச்ச எடுக்காத” என்றார்கள் மூன்று பேரும் ஒரே குரலில்.

எதிர்வீடு இஞ்ஞாசிமுத்துவின் கூடப்பிறந்த தம்பி சவரிமுத்துவினுடையது. வரப்புத் தகராறு முற்றி, உத்தமபாளையம் கோர்ட்டில் கேஸ் நடக்கிறது. சர்ச்சில் அவர்கள் முதல் பூசைக்குப் போனால் இவர்கள் ரெண்டாம் பூசைக்குப் போவார்கள். தம்பி மகள் இவாஞ்சலின் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அந்த வாசப்படியை மிதிக்கிற ஆள் இங்கே சோறு திங்க வரக் கூடாது என்பது இன்னாசியம்மாள் போட்ட உத்தரவு.

“நாளைக்கு உங்கம்மா வாராகள்ல. வரட்டும். உங்க மகளுக்குக் கை நீளம்னு நேராவே சொல்லிர்றேன்” என்றாள் மாமியார்.

அதுதான் அனிதா மேரிக்குத் தாங்கவில்லை. தன்னைச் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். அப்பா இல்லாமல் ஒத்தையாளாக வளர்த்த அம்மா, இந்த வீட்டில் வந்து தலைகுனிந்து நிற்கணுமா? ஒரு கொத்துத் திராட்சைக்கா?

மதியம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். குழம்பை ஊற்றிவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“மாமா, ஒரு விசயம். முந்தாநாள் தோட்டத்துக்கு மருந்தடிச்சாகள்ல, அந்த ஆளுகிட்டச் சொல்லி வீட்டுக் கொடிக்கும் அடிக்கச் சொல்லிட்டேன்.”

தண்ணிச் செம்பை மாமியார் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“ஏதோ புது மருந்தாம். வாடையே தெரியாதாம், ஆனாப் பொல்லாத மருந்தாம். எடுத்துத் தின்ன ஆளு வயித்தப் புடிச்சுக்கிட்டு வருவாகள்ல, அப்பத் தெரிஞ்சுபோகும்.”

சொல்லிவிட்டு மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இஞ்ஞாசிமுத்து பிசைந்த சோற்றை அப்படியே வைத்தார். “மோட்டார ஆஃப் பண்ணாம வந்துட்டேன்” என்று எழுந்தார். கரண்டு போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

மாமாவா? அனிதா மேரியால் நம்ப முடியவில்லை.

அவர் வாசல் நிலையைத் தாண்டுவதற்குள் பிரபு எழுந்தான். “சாவிய வண்டியிலேயே விட்டுட்டேன்” என்றான். சாவி அவன் சட்டைப்பையில் கிடந்தது.

குழம்பிப்போய் மாமியார் பக்கம் திரும்பினாள். அந்தத் தட்டுக்கு முன்னாலும் ஆள் இல்லை. எச்சில் கையோடு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இன்னாசியம்மாள் தெருவைக் கடந்துகொண்டிருந்தாள்.

அனிதா மேரி பின்னாலேயே போனாள். சவரிமுத்து வீட்டு வாசலில் மூன்று பேரும் ஒருத்தர் மேல் ஒருத்தர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

“நீங்க இங்கன என்ன பண்றீக?” என்றாள் இன்னாசியம்மாள் புருசனிடம்.

“நீ எதுக்கு இங்கன வந்த?” என்றார் அவர்.

சத்தம் கேட்டு, நிறைமாத வயிற்றோடு இவாஞ்சலின் மெல்ல நடந்து வந்தாள். வாய் எதையோ மென்றுகொண்டிருந்தது.

“ஆத்தா, அந்தப் பழத்தத் துப்பிரு ஆத்தா” என்று இன்னாசியம்மாள் பதறினாள்.

“எந்தப் பழத்தப் பெரியம்மா? நீங்க குடுத்ததையா, பெரியப்பா குடுத்ததையா, அண்ணன் குடுத்ததையா?” இவாஞ்சலினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “வீட்டுல யாருக்கும் தெரியக் கூடாதுன்னு ஆளாளுக்குச் சொல்லிட்டுப் போனீக. நானும் மூச்சு விடலையே.”

மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. அனிதா மேரியின் முகத்தைப் பார்க்க அதைவிடப் பயம்.

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு கண் நிறைந்தது. நாளைக்கு அம்மா தலை நிமிர்ந்து வரலாம் என்று நினைத்தபோது சிரிப்பும் வந்துவிட்டது.

“நீ சாப்பிடு இவாஞ்சலின், மருந்தெல்லாம் ஒண்ணும் அடிக்கல” என்றாள். “எங்க வீட்டுல திருட்டுக் கை ஒண்ணுதான்னு நெனச்சு அப்படிச் சொல்லிப்புட்டேன்.”