அவரு இல்லீங்க

ரஹமத்துல்லா உயிரோடு இருந்தவரை ஏற்காட்டில் மிளகு வியாபாரம் செய்தார். மொட்டை மாடியில் மிளகு காயப்போட மழை நிலவரம் தெரிய வேண்டும் என்று, ஒரு வானிலை நிறுவனத்தின் தினசரி மின்னஞ்சலுக்குப் பதிவு செய்திருந்தார். அவர் இறந்து ஒரு வருடம் ஆகியும் அது அவருடைய போனுக்கு வந்துகொண்டிருந்தது. "வணக்கம் ரஹமத்துல்லா. இன்று மழை உண்டு."

அதைப் பார்க்கும்போதெல்லாம் மனைவி சலீமா போனைக் கவிழ்த்து வைத்தாள். 'விலகு' என்ற பொத்தானைப் பலமுறை அழுத்தினாள். மறுநாளும் வந்தது.

"காரணம் கேக்குறாங்கம்மா. மவுத்தாயிட்டாருன்னு எழுதுங்க" என்றாள் மகள் ஷபானா.

அந்த வார்த்தைக்குச் சலீமாவின் விரல் போகவில்லை. "அவரு இல்லீங்க" என்று எழுதினாள்.

உடனே பதில் வந்தது: "சரிங்க. வந்ததும் அனுப்புறோமுங்க."

ஷபானா சிரித்துவிட்டாள். "அத்தா வெளிய போயிருக்காருன்னு நெனச்சுட்டாங்கம்மா."

மின்னஞ்சல் நின்றது. அதன் பிறகுதான் காலை நேரம் சலீமாவுக்கு நகரவே மாட்டேன் என்றது. பால் காயும்வரை போனைத் திறந்து திறந்து பார்ப்பாள்.

பனி மூடியிருந்த ஒரு காலையில் போன் ஒலித்தது. "வணக்கம் ரஹமத்துல்லா. இன்று மழை இல்லை."

சலீமா திரும்பி மூலையைப் பார்த்தாள். அவர் கடைசியாக வாங்கிப்போட்டு, நேற்று ராத்திரி வரை அங்கேயே கிடந்த மிளகு மூட்டை இல்லை. மாடிக் கதவு திறந்திருந்தது.

ஷபானாவை அவள் எழுப்பவில்லை. இரண்டு டம்ளரில் டீ ஊற்றினாள். படியடியில் நின்று மேலே பார்த்து, மெதுவாகக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, டீ ஆறுதுங்க."